படம் வராத மெயில்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். வயது ஆனதும் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். இப்போது தென்காசியில் வீட்டில் இருக்கிறேன்.

லாட்ஜ் ஊழியர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்றார்கள். இப்போது மெயிலைக் கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறதாம். ஆள் உட்கார்ந்து மெயில் எழுதியதைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

வேலைக்குச் சேரும்போது ரூம் பாய். வாளி, துடைப்பம், சோப்பு, போர்வை. சாரல் காலத்தில் போர்வை காயாது. காயாத போர்வையைக் காயவைக்கத் தெரிந்தவனுக்குத்தான் குற்றாலத்தில் வேலை நிலைக்கும். எனக்கு நிலைத்தது. ஒரு சீசனில் ரிசப்ஷனுக்கு ஆள் வரவில்லை. என்னை உட்காரச் சொன்னார்கள். பிறகு யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் பயிற்சி.

மேனேஜர் சங்கரபாண்டியன் சார். வாசுதேவநல்லூர்க்காரர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். ஒயர்லெஸ்ஸில் செய்தி சொல்லும் வேலை. சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைப்பார். எங்கள் கவுண்டர் எப்போதும் பளபளவென்று இருக்கும்.

லாட்ஜுக்கு மெயில் நிறைய வரும். சென்னை, மதுரை, கொல்லம் பக்கத்து டிராவல்ஸ்காரர்கள் அனுப்புவார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு ரூம் போடுவார்கள். பதில் எழுதுவது என் வேலை. எழுதியதும் அனுப்பிவிட முடியாது. சார் முன்னால் வாசிக்க வேண்டும்.

"வாசியும்" என்பார்.

நான் திரையைப் பார்த்து வாசிப்பேன். அவர் திரையைப் பார்க்க மாட்டார். ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். வேன் போகும், குரங்கு போகும், எண்ணெய் தேய்த்த ஆட்கள் துண்டோடு போவார்கள். வாசித்து முடித்ததும், "யாருக்கு ரூம்? எந்த நாள்?" என்று அவரே தன்னிடம் கேட்டுக்கொள்வார். பதில் அவர் காதில் இருந்தால் மெயில் போகும். இல்லையென்றால் மறுபடியும் எழுத வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு மெயிலில், பகல் பன்னிரண்டுக்கு முன்னால் ரூம் கிடையாது என்பதைச் சிவப்பில், தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். பார்க்க நன்றாக இருந்தது. வாசித்தேன்.

"இதுல எது வே முக்கியம்?" என்றார்.

"பன்னிரண்டு மணி சார். சிவப்புல போட்டிருக்கேன்."

"வாசிக்கும்போது சிவப்பு கேக்கலையே."

நான் மறுபடியும் திரையைப் பார்த்தேன்.

"மலை மேல இருக்கவனுக்குச் சத்தம் மட்டுந்தான் போய்ச் சேரும். அவன்கிட்டச் சிவப்பு எப்படிச் சொல்லுவீரு? முக்கியம்னா முதல்ல சொல்லும். அதுதான் சிவப்பு."

அன்று கலரை எல்லாம் எடுத்தார். மெயிலுக்கு ஒரு முறை வைத்தார். ஒரு வரிக்கு ஒரு விசயம். முதலில் பெயர். அடுத்து வருகிற நாள், போகிற நாள். அடுத்து எந்த ரூம், எந்த மாடி. அடுத்து எத்தனை மணிக்கு வரலாம். கடைசி வரியில் எங்களிடம் இல்லாதது. லிப்ட் இல்லை. அருவியில் போலீஸ் தடை போட்டால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை விட்டுவிட்டேன். இரண்டு தடவையும் கவுண்டரைத் துடைத்தார். பிறகு விடவில்லை.

இப்படி வெறும் எழுத்தாக இருக்கிற மெயிலுக்கு ப்ளெயின் டெக்ஸ்ட் என்று பெயர். கலர், படம், கட்டம் எல்லாம் இருப்பது எச்டிஎம்எல். இந்தப் பெயர்கள் எனக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் வெறும் மெயில், டிசைன் மெயில் என்போம்.

போன் எடுக்க ஆள் வேண்டியிருந்தது. செண்பகம் வந்தாள். வீரகேரளம்புதூர்ப் பெண். பி.ஏ. படித்தவள். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. வீட்டில் அம்மா மட்டும். பல இடங்களில் கேட்டுவிட்டு வந்திருந்தாள். எல்லா இடத்திலும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்களாம். வேலை கொடுக்கவில்லையாம்.

சார் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "வாசியும்" என்றார். அன்றைக்கு எழுதிய ஒரு மெயிலை வாசித்தேன்.

"திருப்பிச் சொல்லும்மா."

அவள் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. சொல்லிவிட்டு, "நாலாவது வரி வேண்டாம் சார்வாள். அது ரெண்டாவதுலயே இருக்கு" என்றாள்.

நாலாவது வரியை எடுத்தேன். அவளுக்கு வேலை கிடைத்தது.

போனோடு மெயிலும் பார்க்கிறேன் என்றாள். திரையில் இருப்பதைக் காதில் வாசித்துச் சொல்கிற ஒரு மென்பொருள் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாள். அது ஓடுகிற வேகத்தில் எனக்கு ஒன்றும் புரியாது. தமிழையும் வாசிக்கும். ஆனால் அதன் தமிழ் மலையாளத்துக்காரர் பேசுகிற மாதிரி இருக்கும்.

"செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் பொறந்தவன் போல அண்ணாச்சி" என்றாள். "நான் கேட்டாலும் பேசுதான், கேக்காட்டாலும் பேசுதான். கலியாணம் பண்ணாமலே பண்ணுன மாதிரி இருக்கு."

ஒரு தொல்லை இருந்தது. அப்போது மெயிலை நெட்டில் போய்த் திறந்து பார்ப்போம். அதில் மெயிலைச் சுற்றி விளம்பரம், பட்டியல், பட்டன் என்று கிடக்கும். நமக்குக் கண் நேராக மெயிலுக்குப் போய்விடும். அவளுக்கு அவன் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் மெயிலுக்கு வருவான்.

"ஒரு மெயிலுக்குக் கூட்டிட்டுப் போகதுக்குள்ள ஊரையே சுத்திக் காட்டுதான்" என்றாள்.

இன்னொன்று, குரங்கு. எங்கள் லாட்ஜுக்கு வருகிற நெட் ஒயர் மாமரத்தை ஒட்டி வரும். குரங்கு அதில் ஊஞ்சல் ஆடும். அது ஆடினால் நெட் போய்விடும். நெட் போனால் பழைய மெயிலைக்கூடப் பார்க்க முடியாது. ஆள் வந்து கவுண்டரில் நிற்பார். யார், எந்த ரூம் என்று தெரியாது. குரங்கு இறங்கட்டும் என்று சொல்ல முடியுமா? சொல்லியிருக்கிறேன்.

சார் தென்காசியில் இருந்து கம்ப்யூட்டர் கடைக்காரரை வரச் சொன்னார். மெயிலைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இறக்கி வைக்கிற புரோகிராம் வேண்டும் என்றார். கடைக்காரர் மூன்று போட்டுக் காட்டினார். சார் பார்க்கவில்லை. செண்பகத்தைப் பார்க்கச் சொன்னார்.

முதலாவது ரொம்ப அழகு. அதில் வாசிக்கிறவன் மெயிலுக்கே வரவில்லை. என்ன அமுக்கினாலும், "பேரில்லாத பட்டன், பேரில்லாத பட்டன்" என்றே சொன்னான்.

"பேரில்லாததை எப்படிக் கூப்பிட?" என்றாள். அது போயிற்று.

இரண்டாவது வாசித்தது. ஆனால் படம், கட்டம், இணைப்பு என்று மெயிலில் இருக்கிற சாமானை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விசயத்துக்கு வந்தது. கடைசியில் அந்த மெயில் என்ன கேட்கிறது என்று அவளிடம் கேட்டோம். "மறந்துட்டு" என்றாள். அதுவும் போயிற்று.

மூன்றாவது பார்க்க நன்றாக இல்லை. ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஒரு வசதி. வருகிற மெயில் எந்த அலங்காரத்தோடு வந்தாலும் வெறும் எழுத்தாக மட்டும் காட்டு என்று சொல்லிவைக்கலாம். கடைக்காரர் அதைப் போட்டார். கொல்லத்து டிராவல்ஸ்காரர் ஒருவர் எப்போதும் பூவும் படகும் வைத்துத்தான் மெயில் அனுப்புவார். அதைத் திறந்தாள். கேட்டாள். சிரித்தாள்.

"சார்வாள், இவரு பூவை எல்லாம் கழட்டிட்டா ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. எக்ஸ்ட்ரா பெட் உண்டான்னு."

"உண்டா வே?" என்று சார் என்னிடம் கேட்டார்.

"உண்டு சார்."

"உண்டுன்னு போடும்மா."

போட்டாள். அதோடு புரோகிராம் முடிவாயிற்று. கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "இது பழைய மாடல் சார். இப்ப யாரும் வைக்கதில்ல" என்றார்.

"எங்க காதும் பழைய மாடல்தான்" என்றார் சார்.

பிறகு சில சீசன்கள் போயின. நான் எழுதுவேன். செண்பகம் கேட்பாள். சார் ரோட்டைப் பார்த்து நிற்பது குறைந்தது. அவள் சரி என்றால் அவருக்கும் சரி. குரங்கு ஆடினாலும் பழைய மெயில் உள்ளேயே இருந்தது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாத வருசங்கள். நல்ல வருசங்கள் அப்படித்தான் இருக்கும்.

முதலாளி மகள் பிரியா சென்னையில் டிசைன் படித்துவிட்டு வந்தது. லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறேன் என்றது. நல்ல பிள்ளை. எல்லாரையும் மரியாதையாகப் பேசும். போர்வையை மாற்றியது, போர்டை மாற்றியது, இரண்டும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெயிலுக்கு வந்தது.

"மாடசாமி அண்ணே, நம்ம மெயிலைப் பாத்தா கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றது.

புது மெயில் செய்து காட்டியது. மேலே அருவி. அருவிக்கு நடுவில் விருந்தாளியின் பெயர். கீழே நாள், ரூம், எல்லாம் அழகான எழுத்தில். நான் அதுவரை அப்படி ஒரு மெயில் பார்த்ததில்லை. ஆனால் அது முழுக்க ஒரே படம். எழுத்தும் படத்தில்தான் இருந்தது. எழுத்து என்று தனியாக ஒன்றும் இல்லை.

அதோடு, இனி எல்லாரும் நெட்டில் இருக்கிற புது புக்கிங் மெயிலில்தான் வேலை பார்க்க வேண்டும் என்றது. செண்பகம் உட்கார்ந்து பார்த்தாள். பழைய கதைதான். பேரில்லாத பட்டன். நாங்கள் அனுப்புகிற மெயிலைத் திறந்தாள். "படம்" என்று சொல்லிவிட்டு அவன் நிறுத்திக்கொண்டான்.

"அவ்வளவுதான் சொல்லுதான்" என்றாள்.

பிரியாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்க போன் மட்டும் பாருங்கக்கா. மெயில் கஷ்டம் உங்களுக்கு எதுக்கு?" என்றது. அது அன்பாகத்தான் சொன்னது.

அந்த வாரம் முதலாளி வந்தார். அவருக்குத் தென்காசியில் வேறு தொழில் உண்டு. லாட்ஜுக்கு எப்போதாவது வருவார். செண்பகம் சும்மா இருப்பதைப் பார்த்தார். "போன்ல எவன் இப்பப் பேசுதான்? எல்லாம் செல்லுலயே புக் பண்ணிருதான். சீசன் முடியட்டும். போனுக்குன்னு தனியா ஒரு ஆள் வேணுமான்னு பாப்போம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். செண்பகத்துக்குக் காது நல்ல காது.

சார் கவுண்டரைத் துடைத்தார்.

ஆனி பிறந்து சாரல் பிடித்தது. ரூம் நிறைய ஆரம்பித்தது. புது மெயில் போக ஆரம்பித்தது. போனும் அடிக்க ஆரம்பித்தது.

முதல் போன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெங்களூரில் இருந்து ஒருவர். செண்பகம் எடுத்தாள். போனை வெளியே கேட்கும்படி வைத்துத்தான் பேசுவாள், விவரம் வேண்டுமென்றால் நான் பார்த்துச் சொல்வதற்காக.

"உங்க மெயில்ல ஒண்ணுமே இல்ல மேடம். வெள்ளையா இருக்கு" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றாள்.

"உங்களுக்குமா? எங்க ஆபீஸ்ல மெயில்ல வர்ற படத்தை பிளாக் பண்ணி வச்சிருக்காங்க. அங்கயும் பிளாக்கா?"

"ஆமா சார். சின்ன வயசுல இருந்து."

அவர், "சிஸ்டம் பாக்குற ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க மேடம். ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிருவாங்க" என்றார்.

"சொல்லுதேன் சார்" என்றாள்.

நான் புக்கிங்கைப் பார்த்துச் சொல்ல, அவள் அவருக்கு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பெயர், நாள், ரூம், நேரம், லிப்ட் இல்லை. அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் அந்த மாதிரிப் போன். சில ஆபீஸில் படத்தைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். சிலர் செல்லில் நெட் செலவாகும் என்று படத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மலைப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் படம் பாதியில் நிற்கிறது. அருவி மட்டும் வருகிறது, ரூம் வரவில்லை. எல்லாரும் போன் செய்தார்கள். செண்பகம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெந்நீர் குடித்துக் குடித்துச் சொன்னாள்.

முதலாளி ஒரு நாள் வந்தார். வந்து நின்ற நேரத்தில் போன் ஓயவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லயே. போன் நல்லா அடிக்கே. போனுக்கு ஆள் வேணும்தான் போலுக்கு" என்றார்.

அவர் போன பிறகு சமையல்கட்டுப் பின்னால் நானும் செண்பகமும் டீ குடித்தோம்.

"அண்ணாச்சி, போன் ஏன் அடிக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"சார்வாளுக்கு?"

"காலையில இருந்து கவுண்டரைத்தான் தொடைக்காரு. தெரியும்."

"பிரியா பாப்பாவுக்கு?"

"தெரியாது. அது செல்லுல படம் நல்லா வருது."

கொஞ்ச நேரம் டீயை ஊதினாள். "சொன்னா சரி பண்ணிரும். சரி பண்ணா போன் நின்னுரும்" என்றாள்.

"நிக்கும்."

"போன் நின்னா நான் எங்க போக?"

"சொல்லாத" என்றேன்.

அதைத் தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள். சாரிடம் கேட்கவா என்றாள். கேள் என்றேன். கேட்டாள். சார் துணியை மடித்து வைத்துவிட்டு, "வேலை உன்னோடதும்மா. நான் சொல்ல முடியாது" என்றார். அவர் பிரியாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அன்றைக்குக் குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியும் முன்பே கூட்டம் வந்துவிடும். ஒரு லாட்ஜிலும் ரூம் கிடையாது. எங்களிடம் ஒரே ஒரு ரூம் பூட்டிக் கிடந்தது. திருவேங்கடத்துக்காரர் ஒருவர் பெயருக்குப் போட்டது. கீழ்த்தளம். முந்தின நாள் மத்தியானமே வர வேண்டியவர்கள். வரவில்லை. போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. ரூம் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மழை நன்றாகப் பிடித்தபோது ஒரு குடும்பம் வந்தது. நடுவயதுக்காரர், அவர் சம்சாரம், ஒரு வயசான அம்மா. அந்த அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. மூன்று பேரும் நனைந்திருந்தார்கள். அவர் கவுண்டருக்கு வந்து, "ஒரு ரூம் கெடைக்குமாண்ணே? நேத்துல இருந்து சுத்துதோம். ராத்திரி பஸ் ஸ்டாண்டுலதான் கெடந்தோம். எங்க அப்பாவுக்குத் திதி" என்றார்.

ரூம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கத்துக்குப் பெயர் கேட்டேன். சொன்னார்.

பூட்டிக் கிடந்த ரூம் அவருடையது.

"உங்க பேருக்கு ரூம் இருக்கே. நேத்துல இருந்து பூட்டி வச்சிருக்கோம்" என்றேன்.

"எங்க பேருக்கா?" என்றார். "துபாய்ல இருந்து தம்பி போட்டான். உங்க மெயிலை எனக்கு அனுப்பி வச்சான். அதுல ஒண்ணும் இல்லண்ணே. வெறும் வெள்ளை. ரூம் இல்லன்னா இப்படித்தான் வெறுசா அனுப்புவாங்க போலன்னு நெனைச்சிட்டேன். எதுக்கும் வந்து பாப்போம்னு வந்தோம். போனும் நனைஞ்சி நின்னுட்டு."

சாவியைக் கொடுத்தேன். அந்த அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலி செண்பகத்தின் மேசைக்குப் பக்கத்தில்.

அந்த அம்மா மகனைத் திட்டவில்லை. எங்களையும் திட்டவில்லை. "ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா இந்தப் பிள்ள சொல்லியிருக்கும். நாமதான் கேக்கல" என்றாள்.

செண்பகம் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டு பிரியாவின் ரூமுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"பாப்பா, உங்க செல்லுல படம் வராமப் பண்ண முடியுமா?" என்றாள்.

"முடியும்க்கா. எதுக்கு?"

"பண்ணிட்டு, நாம அனுப்புற மெயிலைத் திறந்து பாருங்க."

பிரியா ஏதோ அமுக்கியது. திறந்தது. விரலால் மேலே தள்ளியது, கீழே தள்ளியது. "ஒண்ணும் இல்லையேக்கா" என்றது.

"அதைத்தான் நாம இந்த சீசன் பூராவும் அனுப்பிக்கிட்டு இருக்கோம்."

திருவேங்கடத்து அம்மாவைப் பற்றிச் சொன்னாள். போன் ஏன் அடிக்கிறது என்றும் சொன்னாள். பிரியா செல்லைக் கீழே வைத்துவிட்டது.

"இதை ஏன்க்கா முதல்லயே சொல்லல?"

"சொன்னா போன் நின்னுரும் பாப்பா. போன் நின்னா அப்பா என்னை அனுப்பிருவாங்க."

பிரியா என்னைப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது.

பிரியா முதலில் போய் அந்த அம்மா இருந்த ரூமுக்கு வெந்நீர் போகிறதா என்று பார்த்தது. பிறகு எங்கள் எல்லாரையும் கவுண்டருக்குக் கூப்பிட்டது. ஒரு மெயிலுக்குள் இரண்டு பாதி வைக்கலாம் என்றது. ஒன்று டிசைன். இன்னொன்று வெறும் எழுத்து. படம் தெரிகிறவருக்கு டிசைன் திறக்கும். வெறும் எழுத்து போதும் என்று வைத்திருப்பவருக்கு எழுத்து திறக்கும். டிசைனிலும் விவரத்தைப் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாகவே வைத்துவிட்டால் படம் வராவிட்டாலும் விவரம் தெரியும் என்றது. எனக்கும் சாருக்கும் இது தெரியாது. நாங்கள் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று நினைத்திருந்தோம்.

"ஒரே கவர்ல ரெண்டு தாளா?" என்று சார் கேட்டார்.

"ஆமா அங்கிள். எப்பவுமே உண்டு. நாந்தான் ரெண்டாவது தாளை வைக்காம விட்டுட்டேன்."

சார் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ரோட்டைப் பார்த்து நின்று கேட்டார். "ரெண்டாவது தாளை யாரு எழுத?" என்றார்.

"அக்கா எழுதட்டும்" என்றது பிரியா.

மறுநாளே பழைய புரோகிராம் செண்பகத்தின் மேசைக்குத் திரும்பி வந்தது. போகிற ஒவ்வொரு மெயிலும் அதில் முதலில் வெறும் எழுத்தாக வரும். அவள் கேட்பாள். அவள் சரி என்ற பிறகுதான் வெளியே போகும். ஒரே ஒரு சண்டை நடந்தது. லிப்ட் இல்லை என்று செண்பகம் எழுதியிருந்தாள்.

"இல்லைங்கதை நாமளே சொல்லணுமாக்கா?" என்றது பிரியா.

"நேத்து அந்த அம்மா காலைப் பாத்தீங்கள்லா? நான் பாக்கல. நடக்குற சத்தம்தான் கேட்டேன்."

பிரியா அருவிக்குக் கீழே ஒரு மூலையில் லிப்ட் இல்லை என்று போட்டது.

போன் நின்றுவிட்டது. ஒரேயடியாக இல்லை. நாளுக்கு நாள் குறைந்தது. ஆவணியில் சாரலும் ஓய்ந்தது. செண்பகம் தினமும் வந்தாள், போனாள். வேலையைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. டீ குடிக்கும்போதும் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், தென்காசி பஸ்ஸில் டவுனுக்குப் போகும்போது ஒரு துணிக்கடையில் ஆள் வேண்டும் என்று போர்டு இருப்பதாக யாரோ சொன்னார்களே, அது எந்தக் கடை என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும்.

முதலாளி வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு நின்று காதுகொடுத்தார்.

"என்ன, போன் சத்தத்தையே காணும்?"

சார் நினைத்திருந்தால் சீசன் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கேக்க வேண்டியது எல்லாம் மெயில்லயே போயிருது முதலாளி. போனுக்கு வேலை இல்ல" என்றார்.

"அப்ப போனுக்கு ஆள்?"

"போனுக்குத் தனியா ஆள் வேண்டாம். மெயிலுக்குத்தான் வேணும்."

"மெயிலுக்குத்தான் மாடசாமி இருக்கானே."

பிரியா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்து தலையைத் தூக்கியது. "மாடசாமி அண்ணன் எழுதினதை எல்லாம் செண்பகம் அக்காதான்ப்பா திருத்தி அனுப்புறாங்க" என்றது. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தது.

முதலாளியும் பார்த்தார். "அப்படியாலே?"

"ஆமா முதலாளி" என்றேன். உண்மைதான். அவளுக்கு ஒரு தடவை கேட்டால் போதும். எனக்கு நாலு தடவை எழுத வேண்டும்.

"அப்ப மெயிலை அந்தப் பிள்ளை பாக்கட்டும். நீ என்ன செய்வே?"

செண்பகம் காதில் இருந்ததைக் கழற்றியிருந்தாள். மேசையில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"நான் போனை எடுக்கேன்" என்றேன்.

முதலாளி சாரைப் பார்த்தார். சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, என்னமும் செய்ங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே இடம் மாறி உட்கார்ந்தோம். ஓய்வு பெறும்வரை போனை நான்தான் எடுத்தேன். எனக்குப் பேச வராது. முதல் போன் சாயங்காலம் வந்தது. மதுரைக்காரர் யாரோ.

"அண்ணே, அருவியில தண்ணி விழுதா?" என்றார்.

"விழுது" என்றேன்.

"எப்படி விழுது?"

"மேலேருந்து."

அவர் வைத்துவிட்டார். பக்கத்து மேசையில் செண்பகம் சிரித்தாள். திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை.